மாதம் மூன்று ஒயின் பரிந்துரை: எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

கொடிப்பந்தல் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஒயின் குழுவில் மாதம் ஒரு மடல் எழுதுகிறோம். அந்த மாதம் சுவைத்ததில் தனித்து நிற்கும் மூன்றைச் சொல்லி, ஒவ்வொன்றையும் ஏன் வாங்கலாம் என்று ஒரு பத்தி. இந்த வருஷம் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. படிப்பவர்கள் நம்பி வாங்குகிறார்கள், அதனால் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று இருக்கிறது.

இப்போது நடப்பதைச் சொல்கிறேன். சாம்பிளாக வருவது, நாங்களே வாங்குவது என்று இருபதுக்கும் மேல் பாட்டில் சேர்ந்துவிடும். ஒரே மாலையில் ஐந்தாறு பேர் உட்கார்ந்து, லேபிளை உறையால் மூடிவிட்டு, வரிசையாகச் சுவைத்து நூற்றுக்கு மதிப்பெண் போடுகிறோம். கூட்டிப் பார்த்தால் எல்லா மாதமும் ஒரே மாதிரி ஒயின்தான் மேலே வருகிறது. கறுத்த நிறம், புது ஓக் பீப்பாயின் வனிலா மணம், 14.5 சதவீதத்தை ஒட்டிய ஆல்கஹால். பிறகு அதையே ஒரு இரவு தனியாகத் திறந்தால் இரண்டாவது கோப்பைக்கு யாரும் கை நீட்டுவதில்லை.

போன தடவை ஒரு மோசல் ரீஸ்லிங் கபினெட், ஜெர்மனியின் மெல்லிய வெள்ளை ஒயின், கிட்டத்தட்ட கடைசியில் வந்தது. மறுநாள் மிச்சத்தைக் குடித்துப் பார்த்தபோது, அத்தனை பாட்டிலிலும் அதுதான் நல்ல ஒயின் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் மடலில் வேறு மூன்று போய்விட்டது.

மதிப்பெண்ணை விட்டுவிடலாமா? மூன்று ஒயினும் எப்படி அமைய வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தராசு எழுதியது:

மதிப்பெண் முறையை மாற்றிப் பாருங்கள். நூற்றுக்குப் போடும்போது எல்லாமே 86-க்கும் 92-க்கும் நடுவில் வந்து குவிந்துவிடும், வித்தியாசமே தெரியாது. டேவிஸ் பல்கலைக்கழகத்தில் 1959-ல் வகுத்த 20 மதிப்பெண் தாளில் நிறம், மணம், புளிப்பு, துவர்ப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பங்கு உண்டு. ஏதோ ஒன்று மட்டும் தூக்கலாக இருப்பதால் ஒரு ஒயின் ஜெயிக்க முடியாது. நாங்கள் அதில் நிறத்தின் பங்கைக் குறைத்து, பின்சுவையின் நீளத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கிறோம்.

மெல்லச்சுவை எழுதியது:

தராசு சொல்வதில் பாதி சரி. ஆனால் தாளை எப்படி மாற்றினாலும் கொடிப்பந்தலுக்கு இதே மூன்று ஒயின்தான் மறுபடி வரும் என்று நினைக்கிறேன். இருபது ஒயினை அடுத்தடுத்துச் சுவைப்பதுதான் இதற்குக் காரணம்.

உணவகங்களுக்கு ஒயின் பட்டியல் தயாரிப்பது பல வருஷமாக என் வேலை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சிவப்பு ஒயினுக்குத் துவர்ப்பைத் தருகிற டானின் உமிழ்நீரில் இருக்கும் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. வாயின் வழுவழுப்பு போய் வறண்டுவிடும், இரண்டு நிமிஷ இடைவெளியில் அது திரும்பாது. கனமான ஐந்தாறு சிவப்பு ஒயினுக்குப் பிறகு பினோ நுவார் போன்ற மெல்லிய சிவப்பு வந்தால் வெறும் தண்ணீர் போலத் தெரிவது இதனால்தான். அந்த நிலையில் நாக்குக்கு எட்டுவது ஆல்கஹாலின் சூடு, மிச்சச் சர்க்கரை, ஓக் மணம் ஆகிய மூன்றும்தான். இவை தூக்கலாக உள்ள ஒயின் மேலே போகும். நிறமும் சேர்ந்துகொள்கிறது. 2001-ல் வெளியான போர்தோ ஆய்வு ஒன்றில், வாசனையில்லாத சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினை 54 மாணவர்களிடம் கொடுத்தார்கள். ஒயின் படிப்பே படித்த அந்த மாணவர்கள், சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் வார்த்தைகளாலேயே அதை வர்ணித்தார்கள். எனவே உறை லேபிளை மறைக்கும், கோப்பையில் தெரியும் நிறத்தை மறைக்காது.

இன்னொன்று. கலிஃபோர்னியா மாநிலக் கண்காட்சியின் ஒயின் போட்டியில் ராபர்ட் ஹாட்ஜ்சன் ஒரு சோதனை செய்து 2008-ல் முடிவை வெளியிட்டார். ஒரே பாட்டிலிலிருந்து ஊற்றிய ஒயினை, நடுவர்களுக்குத் தெரியாமல், வரிசையில் மூன்று இடத்தில் கலந்து வைத்தார். மூன்றுக்கும் ஒரே பதக்கத் தரத்துக்குள் மதிப்பெண் கொடுத்த நடுவர்கள் ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான். போட்டிகளில் உட்கார்ந்து பழகியவர்களின் கதையே இது. அப்படியிருக்க, 91 வாங்கிய ஒயினை மடலில் சேர்த்து 89 வாங்கியதை விடுவதற்கு ஒரு நியாயமும் இல்லை.

அதனால் வரிசைச் சுவைப்பை நான் கழிப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். தேர்வு மறுநாள்தான் நடக்கும்.

முதல் நாளில் இருபதையும் ஒன்றாக வைக்காதீர்கள். வாயில் தெரியும் கனம் பார்த்துப் பிரித்து வையுங்கள். மெல்லிய வெள்ளை ஒரு குழு, ஓக் பட்ட வெள்ளை ஒரு குழு, மெல்லிய சிவப்பு, கனமான சிவப்பு என்று ஒரு குழுவுக்கு ஐந்தாறுக்கு மேல் வேண்டாம். குழுக்களுக்கு நடுவே எழுந்து நடந்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். கோப்பை எல்லாம் ஒரே அளவாக இருக்கட்டும், 50 மில்லி போதும். எல்லோரும் துப்ப வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். வெள்ளை ஒயினை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் ஊற்றினால் மணம் மூடிக்கிடக்கும், 10 டிகிரி பக்கம் வரட்டும். சிவப்பு 18 டிகிரியைத் தாண்டினால் ஆல்கஹால் மூக்கில் ஏறும், பழம் பின்னுக்குப் போய்விடும். தாளில் மதிப்பெண்ணுக்குப் பதில் 'போகலாம்', 'இருக்கட்டும்' என்று இரண்டே வகை வையுங்கள். ஐந்து பேரில் ஒருவர் 'இருக்கட்டும்' என்று பிடிவாதமாகச் சொன்னால்கூட அந்த ஒயின் தங்கட்டும். இது எனக்கு ரொம்ப முக்கியம். நான் பார்த்தவரை, எல்லோரும் சுமாராக ஒத்துக்கொண்ட ஒயினைவிட, ஒருவர் விடாமல் சண்டை போட்ட ஒயின்தான் கடைசியில் பட்டியலில் நின்றிருக்கிறது.

கழிப்பதற்கு முன் பாட்டில் பழுதா என்று பாருங்கள். கார்க் கெட்டால் வரும் நனைந்த அட்டைப்பெட்டி வாடை பலருக்கும் தெரியும். அதற்குக் காரணமான டிசிஏ என்கிற சேர்மம் ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே போதும். அதைவிடக் குறைவாக இருந்தால் வாடை தெரியாது, பழ மணம் மட்டும் மங்கிவிடும். சுமார் என்று தள்ளப்படும் ஒயின்களில் சில இப்படிப்பட்டவையே. நல்ல பெயர் எடுத்த தோட்டத்து ஒயின் காரணமில்லாமல் மந்தமாக இருந்தால் இரண்டாவது பாட்டிலைத் திறந்து பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். தீக்குச்சி உரசிய நெடியோ அழுகிய முட்டை வாடையோ வந்தால் அது வேறு விஷயம். கோப்பையை நன்றாகச் சுழற்றிப் பத்து நிமிஷம் விடுங்கள், பல நேரம் போய்விடும்.

தங்கியவை ஆறேழு இருக்கும். அவற்றைக் கார்க்கால் மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, மறுநாள் சாயங்காலம் சிவப்பை மட்டும் ஒரு மணி நேரம் முன்னாலேயே வெளியே எடுங்கள். இப்போது உறை வேண்டாம், துப்பவும் வேண்டாம். இரண்டு பேர் போதும். ஒரு ஒயினுக்கு அரைக் கோப்பை ஊற்றி, பேசிக்கொண்டே குடியுங்கள். எந்தப் பாட்டிலுக்குக் கை தானாகப் போகிறது என்று மட்டும் கவனியுங்கள்.

உதாரணத்துக்கு, கிரேக்கத்தின் நவுசா பகுதியிலிருந்து வரும் க்ஸினோமாவ்ரோ என்ற சிவப்பு ஒயினைச் சொல்கிறேன். வரிசையில் அதன் பாடு திண்டாட்டம்தான். நிறம் வெளிறியிருக்கும், ஓரத்தில் செங்கல் சாயல் தட்டும், சின்ன வயசு ஒயினே பழசு போலத் தெரியும். வாயில் வைத்தால் முதலில் புளிப்பு, உடனே ஈறைப் பிடிக்கும் துவர்ப்பு. பழத்துக்குப் பதிலாகக் காய்ந்த தக்காளி, ஆலிவ் மணம். நான் வைத்த சுவைப்புகளில் அதைத் தாளில் அடித்துவிட்டவர்களே அதிகம். மறுநாள் அதே பாட்டிலில் துவர்ப்பு மாவு மாதிரி மென்மையாகிவிடும். தக்காளிக்குப் பின்னால் ஒளிந்திருந்த காட்டுச் செர்ரி முன்னால் வரும், விழுங்கிய பிறகும் அந்த மணம் நெடுநேரம் நிற்கும். அதன் பக்கத்தில், முந்தின நாள் முதலிடம் வாங்கிய கனத்த ஒயினை வைத்துப் பாருங்கள். வனிலா அப்படியே இருக்கும், பழம் வெந்த ஜாம் போல ஆகியிருக்கும், ஆல்கஹால் தனியாகப் பிரிந்து தெரியும். உங்கள் மோசலுக்கு நடந்ததும் இதேதான்.

மூன்று ஒயின் எப்படி அமைய வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். ஒன்று யார் திறந்தாலும் சந்தோஷப்படும் ஒயினாக இருக்கட்டும். இன்னொன்று படிப்பவரை அவருக்குப் பழக்கமான இடத்திலிருந்து ஒரு அடி மட்டும் நகர்த்தட்டும். சிவப்பில் மால்பெக் விரும்புபவருக்கு ஸ்பெயினின் பியர்ஸோ பகுதி மென்சியாவோ ஆஸ்திரியாவின் ப்ளாவ்ஃப்ராங்கிஷோ சொல்லலாம். வெள்ளையில் சோவின்யோன் ப்ளாங்க் குடிப்பவருக்கு ஆஸ்திரியாவின் க்ரூனர் வெல்ட்லினர். மூன்றாவது, நீங்கள் மனதார நேசிக்கும் ஒயின், அது எவ்வளவு விசித்திரமாக இருந்தாலும் சரி. ஜார்ஜியாவில் மண்ணில் புதைத்த க்வெவ்ரி ஜாடியில் தோலோடு ஊறிய வெள்ளை ஒயினாகக்கூட இருக்கலாம். அது யாருக்குப் பிடிக்காது என்பதையும் அதே பத்தியில் எழுதிவிடுங்கள். துவர்ப்புள்ள வெள்ளை ஒயின் வேண்டாம் என்பவர் வாங்க வேண்டாம் என்று நீங்களே சொன்னால், வாங்கியவர் ஏமாற மாட்டார். அடுத்த மாதம் நீங்கள் சொல்வதையும் நம்புவார்.

வடசரிவு எழுதியது:

மெல்லச்சுவை சார் சொன்ன மறுநாள் முறை எனக்கும் பழக்கம்தான். ஆனால் லேபிளை அவ்வளவு சீக்கிரம் திறந்துவிடாதீர்கள் என்பது என் கருத்து. 1976 மே 24-ல் பாரிஸில் ஒயின் வியாபாரி ஸ்டீவன் ஸ்பரியர் பிரெஞ்சு ஒயினையும் கலிஃபோர்னியா ஒயினையும் மறைத்து வைத்து நடத்திய சுவைப்பில் லேபிள் தெரிந்திருந்தால் பிரெஞ்சு நடுவர்கள் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் கேபர்னேயையும் ஷாட்டோ மோன்டலேனா ஷார்டனேயையும் முதலிடத்தில் வைத்திருப்பார்களா? கலிஃபோர்னியா சிவப்பு ஒயின் வயசு தாங்காது என்று அப்போது சொன்னார்கள். 2006-ல் அதே சிவப்பு ஒயின்களைத் திரும்பச் சுவைத்தபோது கலிஃபோர்னியாவின் ரிட்ஜ் மோன்டே பெல்லோ 1971 முதலாவதாக வந்தது. பெயர் தெரிந்துவிட்டால் நம் நாக்கு பெயரோடு சேர்ந்து தலையாட்டும். மறுநாளும் முதல் கோப்பையை மறைத்தே குடியுங்கள், அப்புறம் திறக்கலாம்.

மடல் மாதாமாதம் போகிறது என்பதால் நாள்காட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிரான்சின் புது ஒயினான பொஜொலே நூவோ நவம்பர் மூன்றாவது வியாழக்கிழமைதான் வெளிவரும், அதைப் பிப்ரவரி மடலில் எழுதி என்ன பயன்? தென்கோளத்தில் அறுவடை பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. அதனால் நியூசிலாந்தின் புது சோவின்யோன் ப்ளாங்க் அதே வருஷத்தின் பிற்பாதியில் வந்துவிடும். இத்தாலியின் சிவப்பு ஒயினான பரோலோவுக்கு அறுவடை வருஷத்து நவம்பர் 1-லிருந்து குறைந்தது 38 மாதம் ஆக வேண்டும், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில். 2020 பரோலோ 2024 ஜனவரியில்தான் வெளியே வர முடியும். ஒவ்வொரு வருஷமும் தொடக்கத்தில் புது பரோலோ இறங்கும்போது, முந்தின ஒன்றிரண்டு வருஷத்துப் பாட்டில் குடிக்க இன்னும் பக்குவமாக இருக்கும். அதைத் தேடிச் சொல்லுங்கள்.

விளைச்சல் ஆண்டையும் மறக்காமல் எழுதுங்கள். 2021 ஏப்ரலில் பிரான்சில் பனி விழுந்து மொட்டெல்லாம் கருகியது, வெள்ளை ஒயினுக்குப் பெயர்போன ஷாப்லி பகுதியில் விளைச்சல் படுத்துவிட்டது. நீங்கள் சுவைத்தது ஒரு ஆண்டு, வாசகர் கைக்குக் கிடைப்பது வேறு ஆண்டு என்றால் உங்கள் பத்தி வேறொரு ஒயினைப் பற்றியது ஆகிவிடும்.

கொடிப்பந்தல் எழுதியது:

நன்றி. ரொம்பத் தெளிவாக இருந்தது, வரும் மாதமே குழுவாகப் பிரித்துச் செய்கிறோம்.

ஒரு சந்தேகம் மட்டும். மறுநாள் சோதனை எல்லா ஒயினுக்கும் நியாயமா? புளிப்பும் துவர்ப்பும் உள்ளவை தாங்கும். ஆனால் அன்றைக்கே குடிப்பதற்கென்று செய்த ஒயின்கள் இருக்கின்றனவே. சின்ன வயசு பொஜொலே, மஸ்கட், ஃபீனோ ஷெர்ரி எல்லாம் மறுநாள் சோர்ந்துபோனால் அது அவற்றின் குறை ஆகுமா?

இன்னொன்று, விலை. உறையைத் திறந்ததும் விலை தெரிந்துவிடும். அது தேர்வை இழுக்காமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

மெல்லச்சுவை எழுதியது:

சரியான சந்தேகம். மறுநாள் சோதனை அந்த ஒயின்களுக்கு நியாயமில்லை, நீங்கள் சொல்வது உண்மை. சோவின்யோன் ப்ளாங்கில் அந்தப் பேஷன் பழ மணத்தைத் தருகிற தயால் சேர்மங்கள் காற்றுப் பட்டதும் சீக்கிரம் அழிந்துவிடும். ஃபீனோ அதைவிட மென்மையானது. பீப்பாயில் ஃப்ளோர் என்கிற ஈஸ்ட் படலத்தின் கீழ் காற்றுப் படாமல் வளர்ந்த ஒயின் அது. இவற்றுக்கு இரவு முழுக்கக் காத்திருக்க வேண்டாம். முதல் சுவைப்பு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து, வேறு எதுவும் குடிக்காமல், அதை மட்டும் தனியாக ஒரு கோப்பை குடியுங்கள். தனியாக, மெதுவாக, முழுக் கோப்பை என்பதுதான் சோதனையின் சாரம். அதில் கோப்பை காலியான பிறகு இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று தோன்றினால் அதைத் தயங்காமல் மடலில் போடலாம். 'திறந்த அன்றே முடித்துவிடுங்கள்' என்ற வரியையும் சேர்த்துவிடுங்கள். ஃபீனோ என்றால் புதிதாகப் பாட்டிலில் அடைத்ததாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

விலையைப் பற்றி. 2008-ல் வெளியான ஆய்வு ஒன்றில் 6,000-க்கும் மேற்பட்ட மறைவுச் சுவைப்புகளின் பதிவை எடுத்துப் பார்த்தார்கள். விலை தெரியாமல் குடித்த சாதாரண மனிதர்களுக்கு விலை உயர்ந்த ஒயின் கூடுதலாகப் பிடிக்கவில்லை, கொஞ்சம் குறைவாகவே பிடித்திருந்தது. பயிற்சி உள்ளவர்களிடம் மட்டும் இந்தப் போக்கு மாறியது. அதனால் உங்கள் வாசகர் யார் என்று பாருங்கள். வடசரிவு சொன்னபடி முதல் கோப்பையை மறைத்துக் குடித்துவிட்டு, மூன்றையும் முடிவு செய்து, ஒரு தாளில் எழுதி வைத்த பிறகு விலையைப் பாருங்கள். அப்போது ஏதாவது ஒன்று கொடுக்கிற காசுக்குத் தகாது என்று பட்டால் எடுத்துவிடலாம். மலிவு என்பதற்காக ஒன்றை உள்ளே கொண்டுவராதீர்கள்.

பத்தி எழுதுவது பற்றியும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. மண வர்ணனைக்கு இரண்டு வார்த்தை போதும். கறுப்பு நாவல், ஊதாப்பூ, சாக்லேட், புகையிலை, தோல் என்று எட்டு மணத்தை அடுக்கினால் படிப்பவருக்கு எதுவும் மனதில் நிற்காது. எவ்வளவு கனம், எவ்வளவு புளிப்பு, இனிப்பு உண்டா இல்லையா, எவ்வளவு குளிர வைக்க வேண்டும், எவ்வளவு முன்னால் திறக்க வேண்டும், இப்போதே குடிப்பதா, வைத்திருப்பதா, இதுதான் அவருக்கு வேண்டியது. கிரேக்கத்தின் சான்டோரினி தீவு வெள்ளை ஒயினான அசிர்ட்டிகோ என்றால் நான் இப்படி எழுதுவேன்: "எரிமலைச் சாம்பல் மண்ணில், காற்று அடித்துப் போகாமல் இருக்கக் கொடியைத் தரையோடு கூடைபோல வளைத்து வளர்க்கும் தீவிலிருந்து வருகிறது. எலுமிச்சையும் உப்பும்தான் மணம். உடம்பு கனம், புளிப்பு அதைவிடக் கூர்மை, இனிப்பு துளியும் இல்லை. 10, 12 டிகிரியில் ஊற்றுங்கள், அதற்குக் கீழே ஊமையாகிவிடும். அரை மணி முன்னால் திறந்தால் நல்லது. மென்மையான, பூ மணம் உள்ள வெள்ளை தேடுகிறவருக்கு இது இல்லை." இவ்வளவுதான். இதற்கு மேல் ஒயினே பேசிக்கொள்ளும்.

கடைசியாக, அந்த மோசல் கபினெட்டை இந்த மாத மடலிலேயே போடுங்கள். சுவைப்பில் அது தோற்றது என்பதை மறைக்க வேண்டாம், மறுநாள் என்ன ஆயிற்று என்றும் எழுதுங்கள். அந்த விவரம்தான் வாசகருக்கு உதவும். ஆல்கஹால் 8, 9 சதவீதத்தை ஒட்டி இருக்கும், இனிப்பு உண்டு, ஆனால் ஸ்லேட் கல் சரிவில் விளைந்த திராட்சையின் புளிப்பு அந்த இனிப்பை நிமிர்த்தி வைத்திருக்கும் என்று சொல்லுங்கள். 8 டிகிரிக்குக் குளிர வைத்து, கோப்பையிலேயே கொஞ்சம் சூடேறட்டும் என்று விடச் சொல்லுங்கள். லேபிளில் 'ட்ரோக்கன்' என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்வதையும் மறக்காதீர்கள். அப்படி இருந்தால் அது இனிப்பில்லாமல் செய்தது, ஆல்கஹாலும் இதைவிடக் கூடுதல். அதே தோட்டம், அதே ஆண்டு என்றாலும் நீங்கள் குடித்த ஒயின் அது இல்லை.